இன்சுலின் போடுபவரைக் கவனித்துக்கொள்பவர் முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

அப்பாவுக்கு இன்சுலின் எழுதியிருக்கிறார்கள், நான்தான் போட்டுவிட வேண்டும், எதை முதலில் கற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உணவுப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம், முதலில் மருந்துக் குப்பியைக் கையில் எடுத்து லேபிளைப் படியுங்கள். நம் ஊர்க் கடைகளில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டும் கிடைக்கும். 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும் (அவசரத்தில் யாரும் இதைச் சொல்லித்தருவதில்லை, நீங்களாகத்தான் கேட்க வேண்டும்).

அடுத்தது தாழ்சர்க்கரை, அதாவது இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிடுவது. திடீரென வியர்த்து, கை நடுங்கி, காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் பதிலுக்குச் சண்டை போடாமல் குளுக்கோமீட்டரை எடுத்து இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நினைவில்லையா, வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள்.