மரபணுப் பரிசோதனைக்காகக் கதிர்ச்சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. புகைப்பழக்கம் இல்லாதவர். சுவாசப்பையில் சிறுகலம் அல்லாத வகைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. சத்திரசிகிச்சை செய்ய இயலாது என்பதால் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் கீமோவுடன் கதிர்ச்சிகிச்சைக்குத் திகதி தந்திருக்கிறார்கள். கட்டியின் மரபணுக்களைப் பரிசோதித்தால் கதிரும், உடலின் எதிர்ப்புச்சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபியும் பலிக்குமா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும், அதுவரை பொறுங்கள் என்கிறார் கனடாவில் இருக்கும் மாமா. பொறுக்கலாமா? எனக்கும் தங்கைக்கும் பரிசோதனை தேவையா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: திகதியை மாற்ற வேண்டாம். ஒரு கட்டி கதிருக்கு எவ்வளவு இணங்கும் என்பதை 10 மரபணுக்களின் செயற்பாட்டை அளந்து கணிக்கும் ஒரு சுட்டெண் ஆய்வுகளில் பல ஆண்டுகளாக இருந்து வந்தாலும், அதன் விடையைப் பார்த்து ஒருவருக்குக் கதிர் கொடுப்பதா விடுவதா என்று தீர்மானிப்பது சுவாசப்பைப் புற்றுநோயில் இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை. KEAP1 என்று ஆங்கில எழுத்துகளில் குறிக்கப்படும் கீப்-1 மரபணுவில் விகாரம், அதாவது மாற்றம், உள்ள கட்டிகள் கதிருக்குச் சற்று அடங்காதவை என்பதற்கு ஆதாரங்கள் உண்டு. ஆனால் அதை அறிந்தாலும் அம்மாவுக்கான முதற்சிகிச்சை மாறாது. காத்திருந்தால் கட்டி கதிர் பாய்ச்சக்கூடிய பகுதிக்கு வெளியே பரவும் ஆபத்துத்தான் மிச்சம்.

மாமா சொல்வதில் உண்மை இல்லாமலும் இல்லை. டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் பொறிமுறை பழுதடைந்த கட்டிகளுக்கு, அவை எந்த உறுப்பில் தோன்றியிருந்தாலும், பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் 2017 இல் அனுமதித்தார்கள். ஆனால் அந்தப் பழுது சுவாசப்பைப் புற்றுநோயில் அரிது.

உங்கள் அம்மாவின் விடயத்தில் பரிசோதனை உண்மையில் பயன்படுவது, கதிர்ச்சிகிச்சை முடிந்த பிறகு என்ன மருந்து என்ற கேள்விக்குத்தான். நோய் முன்னேறாதிருந்தால், பொதுவாக டுர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை ஓராண்டு கொடுப்பார்கள். ஐந்தாம் ஆண்டில் உயிருடன் இருந்தோரின் வீதம் அதனால் 33.4 சதவீதத்திலிருந்து 42.9 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் விகாரம் உள்ள கட்டிகளில் அம்மருந்தின் பலன் தெளிவாக நிறுவப்படவில்லை. புகைக்காத ஆசியப் பெண்களில் இவ்விகாரம் அதிகம் என்பதால் அம்மாவுக்கு அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இருப்பது உறுதியானால், ஒசிமெர்டினிப் என்ற மாத்திரையே பொருத்தம்: 2024 இல் வெளியான ஆய்வில், நோய் மீண்டும் முன்னேறாத இடைக்காலம் வெற்று மாத்திரை எடுத்தோருக்கு 5.6 மாதமாகவும் இதை எடுத்தோருக்கு 39.1 மாதமாகவும் இருந்தது. அவசரப்பட்டு இம்யூனோதெரபியைக் கொடுத்துவிட்டு உடனே இந்த மாத்திரைக்கு மாறினால் சுவாசப்பை அழற்சி கடுமையாகலாம் என்பதால், எது முதலில் என்பது இங்கே அற்ப விடயமல்ல.

கதிர்ச்சிகிச்சை பெரும்பாலும் 60 கிறே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு), 30 தடவைகளில், ஏறக்குறைய ஆறு வாரம் நடக்கும். பரிசோதனையை அந்த வாரங்களிலேயே செய்துகொள்ளலாம். அதற்கு உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குழாய் விட்டு எடுத்த இழையத் துண்டு பெரும்பாலும் அரிசிமணி அளவுகூட இராது. அதை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு மெல்லிய சீவல் குறையும். ஆகவே நோயியல் பிரிவில் அந்த மெழுகுப் பாளத்தின் இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற இரு மரபணுக்கள், பி.டி.-எல்.1 ஆகிய மூன்றுக்கும் முன்னுரிமை கொடுக்கும்படி உங்கள் வைத்திய நிபுணர் மூலம் கேளுங்கள். பி.டி.-எல்.1 என்பது மரபணு அல்ல, கட்டிக் கலங்களின் மேலுள்ள புரதம். டுர்வாலுமாபைப் பற்றி முடிவெடுக்க அதுவும் பார்க்கப்படும். இழையம் போதாவிட்டால் இரத்தத்திலும் ஈ.ஜி.எஃப்.ஆர். விகாரத்தைத் தேடலாம், ஆனால் இரத்தத்தில் காணவில்லை என்றால் கட்டியிலும் இல்லை என்று கொள்ளக்கூடாது.

இந்த விகாரங்கள் கட்டியின் கலங்களில் மட்டும் தோன்றுபவை, பரம்பரையாக வருவது மிக அரிது. எனவே உங்களுக்கும் தங்கைக்கும் இப்போது பரிசோதனை தேவையில்லை.