ஒரே கட்சிக்குள் இவ்வளவு கோபமா?

தம்பி, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கும் நாஷுவாவுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் சொந்தக் கட்சியின் இன்னொரு வேட்பாளர் பெயரைக் கேட்டாலே முகம் சிவந்துபோகிறார். என்றோ ஒரு விவாத மேடையில் அந்த வேட்பாளர் கைகுலுக்காமல் போனதை இன்றும் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுகிறார். "அக்கா, இந்தக் கோபம் உண்மையா, மேடைக்காகவா? அந்தப் பேச்சு வந்தால் நான் என்ன சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேட்பாளர்களின் கோபம் பெரும்பாலும் ஆறிவிடுகிறது. அவர்களுக்காகக் குளிரில் வீடு வீடாக ஏறி இறங்கியவர்களின் கோபம் அவ்வளவு எளிதில் ஆறுவதில்லை. 2007-இல் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் பார்த்துவருவது இதுதான்.

நீங்கள் குடியேறியிருக்கும் ஊரே இந்தச் சண்டைகளுக்குப் பேர்போனது. 1980 பிப்ரவரி 23 அன்று நாஷுவா உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட ரேகனும் மூத்த புஷ்ஷும் மட்டும் விவாதிப்பதாக ஏற்பாடு. செலவை ரேகன் தரப்பு ஏற்றுக்கொண்டது. கடைசி நேரத்தில் ரேகன் மற்ற நான்கு வேட்பாளர்களையும் மேடைக்கு அழைத்துவந்துவிட்டார். அவர்களுக்கு நாற்காலி இல்லை, நின்றுகொண்டிருந்தார்கள். நெறியாளர் ரேகனின் மைக்கை அணைக்கச் சொல்ல, இந்த மைக்குக்குப் பணம் கொடுப்பவன் நான் என்று ரேகன் குரலை உயர்த்தினார். புஷ் நேரே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் கழித்து நடந்த பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தலில், ரேகனுக்கு அவரைப் போல் இரண்டு மடங்கு வாக்கு. ஏப்ரலில் புஷ், ரேகனின் திட்டத்தைப் பில்லிசூனியப் பொருளாதாரம் என்றார். ஜூலையில் அதே ரேகன் அதே புஷ்ஷைத் துணை அதிபர் வேட்பாளராக்கினார். எட்டு ஆண்டுகள் இருவரும் சேர்ந்து ஆண்டார்கள்.

நமக்கு இது புரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் இப்படி மோதிக்கொண்டால் அடுத்தது புதுக் கட்சி, புதுக் கொடி. 1972-இல் தி.மு.க.விலிருந்து எம்.ஜி.ஆர். நீக்கப்பட்ட சில நாட்களிலேயே அ.தி.மு.க. பிறந்துவிட்டது. இங்கே வேட்பாளரைத் தலைமை அறிவிப்பதில்லை. மாநிலம் மாநிலமாக வாக்காளர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். போட்டியிடுபவர்களின் கொள்கையோ ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அப்போது ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது எது? குரல், பார்வை, கை கொடுத்த விதம், கொடுக்காத விதம். போதாததற்கு, நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியிலும் பதியாத வாக்காளர் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். கடைசி நாள் வரை மனம் மாறுபவர்கள் ஏராளம். ஒரு சொல் வாக்கை நகர்த்தும்.

அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2008 ஜனவரி 5, சனிக்கிழமை இரவு, செயின்ட் ஆன்செல்ம் கல்லூரியில் ஜனநாயகக் கட்சி விவாதம். மக்களுக்கு உங்களைவிட ஒபாமாவைத்தான் பிடிக்கிறதே என்ற பொருளில் ஹிலாரி கிளிண்டனிடம் கேள்வி வந்தது. மனசு வலிக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்ன அவர், ஒபாமா எல்லோருக்கும் பிடித்தமானவர்தான், நானும் அவ்வளவு மோசமில்லை என்றார். ஒபாமா காகிதத்திலிருந்து கண்ணைச் சரியாக எடுக்காமலே, நீங்களும் போதுமான அளவு பிடித்தமானவர்தான் ஹிலாரி, என்றார்.

எங்கள் அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் தனியாக இருந்தார். அதுவரை இருவருக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருந்தவர். மறுநாள் காலை கிளிண்டன் பெயர் போட்ட பிரசார அட்டையோடு வாசலில் நின்றார். தரை உறைந்து கிடந்ததால் கம்பிக் கால் இறங்கவில்லை. பனி அள்ளும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன பனிக்குவியலில் இரண்டு கையாலும் அழுத்திச் செருகினார். மருத்துவமனையில் முப்பது வருடம் இளம் மருத்துவர்கள் தன்னிடம் பேசிய தொனிதான் ஒபாமாவின் அந்தப் பதிலில் இருந்தது என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. அதற்கு முன் வாக்களித்த ஐயோவா மாநிலத்தில் மூன்றாம் இடத்துக்குப் போயிருந்த கிளிண்டன், ஜனவரி 8 அன்று இங்கே ஏறத்தாழ 39 சதவீதம் வாங்கி, 36 சொச்சம் வாங்கிய ஒபாமாவை வென்றார். அந்த ஒரு சொல்லே காரணம் என்று சொல்லமாட்டேன். தேர்தலுக்கு முந்தின நாள் போர்ட்ஸ்மத்தில் ஒரு காப்பிக் கடையில் கிளிண்டன் கண்கலங்கியதும் பலரைத் தொட்டது. ஆனால் அடுத்த வீட்டு வாக்கு ஏன் அந்தப் பக்கம் போனது என்பது எனக்குத் தெரியும்.

கடைசியில் கட்சிக்குள் போட்டியில் வென்றது ஒபாமா; அதன் பிறகு, அந்த ஆண்டு ஜூன் 27-இல் ஒபாமாவும் கிளிண்டனும் இதே மாநிலத்தின் யூனிட்டி என்ற சிற்றூரில் ஒரே மேடையில் நின்றார்கள். யூனிட்டி என்றால் ஒற்றுமை. பிரைமரியில் அந்த ஊர் இருவருக்கும் சரியாக 107 வாக்குகள் போட்டிருந்தது. நான் அந்த அம்மையாரிடம், அவர்களே சேர்ந்துவிட்டார்களே, இனி உங்களுக்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசாமல் உள்ளே போய்விட்டார். கோடை முழுக்கத் தலையசைப்பு மட்டும்தான். அவருடைய முப்பது வருடத்தை நான் ஒரு வரியில் தள்ளிவிட்டேன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. நவம்பரில் அவர் ஒபாமாவுக்குத்தான் வாக்களித்தார். அதை அவரே வந்து சொன்னார். கிளிண்டன் அட்டை மட்டும் உப்புக் கறையோடு அவர் கார் கொட்டகைச் சுவரில் கடைசிவரை தொங்கியது.

ஆகவே பெரியவரிடம், இதெல்லாம் அரசியலில் சகஜம் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2019-இல் மயாமி விவாத மேடையில் பைடனைக் கலங்கடித்த கமலா ஹாரிஸையே அடுத்த ஆண்டு அவர் துணை அதிபர் வேட்பாளராக்கினாரே என்று உதாரணமும் காட்டாதீர்கள். கமலாவின் தாயார் சென்னைக்காரர் என்பதால் நமக்கு அது உடனே நாவில் வரும். புண்பட்டவருக்கு அது மருந்தாகாது.

இன்னொன்று. விசாவில் இருப்பவர் வாக்காளராகப் பதிவதும் வாக்களிப்பதும் சட்டப்படி குற்றம். நாளைய கிரீன் கார்டையே கெடுத்துவிடும். வேட்பாளருக்கு நன்கொடையும் கொடுக்கக் கூடாது. யாராவது அன்பாகப் படிவத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டங்களுக்குப் போய்க் கேட்கலாம், அவசியம் போங்கள்.

பெரியவரிடம், உங்கள் வேட்பாளருக்காக எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினீர்கள், யார் கதவைத் திறந்தார்கள் என்று கேளுங்கள். சீக்கிரம் கேளுங்கள் தம்பி. பனி விழ ஆரம்பித்துவிட்டால் இங்கே வேலியோரப் பேச்சு ஏப்ரல் வரை கிடையாது.