கோச்சிடம் யார் பேசுவது?

கேள்வி: மெல்பர்னில் டாண்டினாங் பக்கம் குடியிருக்கிறோம். மகனுக்கு 17 வயது. 194 சென்டிமீட்டர் உயரம், 82 கிலோ. ஃபுட்டியில், அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்தில், ஃபுல் பேக் ஆடுகிறான். உள்ளூர் கிளப்போடு, இந்த வருடம் 18 வயதுக்குட்பட்டோருக்கான டேலன்ட் லீக் அணியிலும் சேர்த்திருக்கிறார்கள். போன மாதம் ஓர் ஆட்டத்தில் இவன் தடுக்க வேண்டிய எதிரணிப் பையன் ஐந்து கோல் அடித்துவிட்டான். அதில் இரண்டு, இவன் வேறு ஒருவனுக்கு உதவப் போன நேரத்தில் விழுந்தவை. அந்த ஆளை மற்றப் பையன்கள் யாரும் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை. கோல் அடிப்பவர்கள்தான் பெரிய கிளப்புகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் கண்ணில் படுகிறார்கள் என்பதால் இவனை ஃபார்வர்டுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அவனுக்குக் கூச்சம், கோச்சிடம் பேசுவதெல்லாம் நான்தான். முன்பு உள்ளூர் கிளப்பில் ஆடும்போது தலையில் இடிபட்டு விழுந்தான். முதலுதவி பார்க்கும் டிரெய்னர் வந்து கேட்டபோது வேலிக்கு வெளியே இருந்து நானே "ஒன்றுமில்லை, ஆடுவான்" என்றேன். அவர் கேட்காமல் வெளியே உட்கார வைத்துவிட்டார். கோச் ஏதோ "களத்தில் இவன் குரலே கேட்பதில்லை" என்கிறார். நல்ல பிள்ளை, வீட்டில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எடை கூட்ட என்ன செய்யலாம்? தனிப் பயிற்சியாளர் வைக்கலாமா? 12ஆம் வகுப்பில் ஒரு பாடத்தைக் குறைக்கலாமா? அகாடமி என்கிறார்களே, அதில் சேர்க்கலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: ஐயா, "ஐந்து கோல் எல்லாருக்கும் நடப்பதுதான், விடுங்கள்" என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப்போவதில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு எடைக்குப் போய்விட்டீர்கள். "கோச்சிடம் பேசுவதெல்லாம் நான்தான்."

இந்த வரி எனக்கு அடிக்கடி வருகிறது. ஃபுட்டி இருக்கும் இடத்தில் சில சமயம் வயலின் இருக்கும், சில சமயம் மெடிக்கல் சீட் இருக்கும். பிள்ளைக்குக் கூச்சமாம், அதனால் அப்பா பேசுகிறாராம். அப்பா பேசிக்கொண்டே இருப்பதால்தான் பிள்ளைக்குக் கூச்சம் போகவில்லை என்று இதுவரை ஒருவரும் எழுதியதில்லை. வயலினில் இதை எப்படியோ சமாளித்துவிடலாம். உங்கள் மகன் நிற்கிற இடத்தில் முடியாது.

ஆஸ்திரேலியக் கால்பந்து தெரியாத வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 18 பேர், முட்டை வடிவ மைதானம், கோல் கீப்பர் என்று யாரும் கிடையாது. நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு புள்ளி. எதிரணியின் உயரமான, பலசாலியான ஃபார்வர்டு ஒருவன் அந்தக் கம்பங்களுக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருப்பான். தூரத்தில் இருந்து அவனை நோக்கிப் பந்தை உயர உதைப்பார்கள். அதை அவன் சுத்தமாகப் பிடித்துவிட்டால் 'மார்க்'. அப்புறம் யாரும் மேலே விழ முடியாது, நிதானமாக நின்று கோலுக்கு உதைக்கலாம். அவனைப் பிடிக்க விடாமல் செய்வதுதான் ஃபுல் பேக்கின் வேலை.

உயரமும் தோளும் இருந்தால் போதும் என்று வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்குத் தோன்றும். கிட்டப் போய்ப் பாருங்கள். பந்து காற்றில் இருக்கும்போதே டிஃபெண்டர் இடுப்பைக் கொடுத்து, ஃபார்வர்டு நிற்க ஆசைப்படும் இடத்தில் இருந்து அவனை அரை அடி நகர்த்திவிடுகிறான். முதுகில் கை வைத்துத் தள்ளினால் ஃப்ரீ கிக். பிறகு பின்னால் இருந்து எழும்பி, மூடிய முஷ்டியை ஃபார்வர்டின் கைகளுக்கு மேலாக விட்டுப் பந்தை மட்டும் குத்த வேண்டும். கையை வெட்டினால் அதுவும் ஃப்ரீ கிக். குத்துவதா, தானே பிடிப்பதா என்று யோசிக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது. பையன்கள் பிடிக்க ஆசைப்பட்டுக் கோட்டைவிடுவது இங்கேதான். அதனால் குத்துவதில் கை நன்றாகப் பழகிய பிறகே துணிந்து பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது நல்லது.

இவ்வளவும் ஒரே ஓர் ஆளைச் சமாளிக்க. இப்போதெல்லாம் பின்வரிசை மொத்தமும் சேர்ந்துதான் காக்கிறது. ஒருவன் தன் ஆளை விட்டுப் பந்துக்குப் போனால், விட்ட ஆளை இன்னொருவன் எடுத்துக்கொள்ள வேண்டும். யார் போவது, யார் நிற்பது என்பதைப் பின்னால் நிற்பவன்தான் சொல்ல முடியும். மைதானம் முழுவதும் அவன் கண்முன்னால் கிடக்கிறது. மற்றவர்கள் பந்தைத் துரத்திக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிறார்கள். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் ஓயாமல் கத்துகிறாரே, அதைப்போல் பல மடங்கு. "என்னோடது", "பின்னால ஆள்", "நீ போ, இவனை நான் பார்த்துக்கிறேன்" என்று ஆட்டம் முடியும்வரை தொண்டை கிழியக் கத்த வேண்டும். தன்னைவிடப் பெரிய பையனையும் அதட்ட வேண்டும். ஃபுட்டியின் தலைமை லீக்கான ஏ.எஃப்.எல்.லில் 2019 முதல், நடுவில் பந்தைப் போட்டு ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இரு அணிகளும் முன்னால் ஆறு, நடுவில் ஆறு, பின்னால் ஆறு என்று நின்றாக வேண்டும். பின்னால் கூடுதல் ஆளை நிறுத்தி வைத்துக்கொள்ள வழியில்லை. நடுவில் இருந்து பந்து சட்டென்று வெளியே வந்தால், முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளாத டிஃபெண்டர் பாடு திண்டாட்டம்தான்.

இப்போது அந்த இரண்டு கோலுக்கு வாருங்கள். மற்றப் பையன்கள் அந்த ஆளைப் பிடிக்கவில்லை என்று குறைப்படுகிறீர்கள். உங்கள் மகன் தன் ஆளை விட்டுப் போகும்போது வாய் திறந்து சொன்னானா? அவன் குரலே கேட்பதில்லை என்று கோச் உங்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார். அதைவிடத் தெளிவாக அவர் என்ன சொல்ல வேண்டும்? அதை நீங்கள் பிள்ளையின் நல்ல குணத்துக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டு, "எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை" என்று பக்கத்திலேயே பெருமையாக எழுதியும் வைத்திருக்கிறீர்கள்.

ஆட்டத்தை நான்கு கால் பங்காகப் பிரித்து ஆடுவார்கள். உள்ளூர் ஆட்டங்களில் கால் ஆட்ட இடைவேளையின்போது பெற்றோரும் உள்ளே நடந்து போய், வட்டத்துக்கு வெளியே நின்று கோச் பேசுவதைக் கேட்கலாம். நல்ல வழக்கம். ஆனால் நீங்கள் அங்கே கேட்டுக்கொண்டு மட்டும் நிற்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இனிமேல் காரிலேயே உட்காருங்கள்.

தலையில் அடிபட்ட விஷயத்துக்கு உங்களைத் திட்டாமல் விட முடியாது. டிரெய்னர் கேட்டது உங்களை இல்லை. இது எந்த மைதானம், இப்போது எத்தனையாவது கால் ஆட்டம், கடைசியாகக் கோல் அடித்தது யார் என்றெல்லாம் அடிபட்டவனிடம் கேட்பதே, அவன் என்ன சொல்கிறான், எப்படிச் சொல்கிறான் என்று பார்க்கத்தான். அந்தப் பதிலையுமா அப்பா சொல்வது? கன்கஷன், அதாவது அடியில் மூளை அதிர்ந்தது என்றால் உள்ளூர் ஃபுட்டியில் மறுபடி ஆடக் குறைந்தது 21 நாள் ஆக வேண்டும் என்று 2024இல் விதி கொண்டுவந்திருக்கிறார்கள். உங்கள் அவசரத்துக்கு அது சுருங்காது. அந்த டிரெய்னரை நேரில் பார்த்து நன்றி சொல்லுங்கள். அதை மட்டும் நீங்களே பேசலாம்.

நான் பழைய ஆள். பிள்ளைகள் பெற்றவர்களுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து கிடையாது. இரவு சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும், தட்டை அவனவன் கழுவ வேண்டும், சனிக்கிழமை முழுவதையும் வீடே அவனுக்காகக் கொடுக்கும்போது ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு வேலை செய்ய வேண்டும். இதெல்லாம் சரி. ஆனால் நாளைக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால் டாக்டரிடம் கேள்வி கேட்கப் போவது யார்? தங்கை இருந்தால், அவள் கல்யாணப் பேச்சில் உங்கள் பக்கத்தில் உட்காரப் போவது யார்? மகனின் கடமை என்று நாம் நினைத்து வைத்திருக்கும் அத்தனைக்கும் வாய் வேண்டும் ஐயா. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை. நீங்கள் 17 வயதுவரை அவனுக்காகப் பேசிவிட்டு, திடீரென்று ஒருநாள் "இனி நீ பார்த்துக்கொள்" என்றால் அவன் முழிப்பான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அவனை ஃபார்வர்டுக்கு மாற்றச் சொல்லிக் கோச்சிடம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மகனிடம் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. அவனுடைய அம்மா கடிதத்தில் வரவே இல்லை. உங்கள் மூன்று பேரில் இரண்டு பேர் என்ன நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்காவது தெரியுமா?

மாற்றச் சொன்னதை முதலில் திரும்பப் பெறுங்கள். இரண்டு பக்கமும் ஆடிப் பார்ப்பதில் தப்பில்லை. ஃபார்வர்டு எப்படி ஓடி ஏமாற்றுகிறான் என்பது அங்கே ஆடிப் பார்த்தவனுக்கு நன்றாகப் புரியும். காலிங்வுட்டின் டார்சி மூர் ஃபார்வர்டாகத் தொடங்கிப் பின்வரிசைக்குப் போனவர். 2023இல் அந்த அணி கோப்பை வாங்கியபோது அவர்தான் கேப்டன். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது கோச்சும் பையனும். கோல் அடிப்பவனைத்தான் ஸ்கவுட்டுகள் பார்ப்பார்கள் என்பதும் சரியில்லை. கிளப்புகள் புதுப் பையன்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதை டிராஃப்ட் என்பார்கள். கார்ல்டன் 2015 டிராஃப்டின் முதல் ஆளாக எடுத்த ஜேக்கப் வெய்ட்டரிங் ஒரு டிஃபெண்டர்தான். வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று அந்தக் கிளப் தரும் விருது அவருக்குக் கிடைத்தது 2020இல். ரிச்மண்டின் அலெக்ஸ் ரான்ஸை 2007இல் எடுத்தார்கள். வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி அறிவிக்கும் ஆல் ஆஸ்திரேலியன் அணியில் முதன்முதலாக அவர் பெயர் வந்தது 2014இல். பிரிஸ்பேனின் ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் 2014 டிராஃப்டில் 61ஆவது ஆள். பத்து வருடம் கழித்து, 2024இல், கோப்பையை வாங்கிய இணைக் கேப்டன். பின்வரிசை உயரக்காரர்கள் மெதுவாகத்தான் பழுப்பார்கள். பள்ளியை விட்டு வந்த கையோடு, பத்து வருடம் ஆடித் தேறிய நூறு கிலோ ஆண்களோடு மோத வேண்டியிருக்கிறது, என்ன செய்வது?

எடையைப் பற்றிக் கேட்டீர்கள். 82 கிலோவை மூன்று மாதத்தில் 95 ஆக்கும் யோசனை வேண்டாம், இன்னும் வளர்கிற உடம்பு. டப்பாவில் விற்கும் புரோட்டீன் மாவைக் கிளப்பைக் கேட்காமல் வாங்காதீர்கள். வேளைகளைக் கூட்டிக் கொடுத்து, ஜிம் வேலையைக் கிளப் போட்டுத் தரும் திட்டத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். தனிப் பயிற்சியாளர் வேண்டாம், காசு மிச்சம். ஆட்டத்தின் வீடியோ கிளப்பில் இருக்கும். ஐந்து கோலையும் போட்டுக் காட்டச் சொல்லி, பின்வரிசையைப் பார்த்துக்கொள்ளும் கோச்சிடம் அவனே கேட்கட்டும். போனை எடுத்து, நேரம் கேட்டு, தனியாகப் போய் உட்கார வேண்டும். முதல்தடவை வாய் குழறும், குழறட்டும். பாடம் எதையும் குறைக்கக் கூடாது. நாடு முழுவதிலும் இருந்து வருடத்துக்கு அறுபது, எழுபது பேரைத்தான் டிராஃப்டில் எடுக்கிறார்கள். எடுக்கப்பட்டவர்களிலும் பலர் சில வருடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள்.

அகாடமி நல்ல யோசனை. கிளப்புகள் நடத்தும் நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமிகளில், பெற்றோரில் ஒருவராவது ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்த பையன்களுக்கு இடம் கிடைக்க வாய்ப்புண்டு. உங்கள் வட்டாரத்துக்கு எந்தக் கிளப், வயது வரம்பு என்ன என்பதையெல்லாம் அவனே போன் போட்டு விசாரிக்கட்டும். படிவத்தையும் அவனே நிரப்பட்டும், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள். இதில் இன்னும் சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதலாம். ஆனால் அடுத்த கடிதத்தை அவன் எழுத வேண்டும். தமிழில் எழுத வராது என்றால் ஆங்கிலத்தில் எழுதட்டும், நான் படித்துக்கொள்கிறேன்.