பம்பிங் 30% என்றால் எத்தனை வருடம்? இதயச் செயலிழப்பு: கேள்வி பதில்

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவதல்ல, உடம்புக்குத் தேவையான ரத்தத்தை அதனால் சரியாக அனுப்ப முடியாத நிலை. அதைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இதய மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

மஞ்சக்குப்பம்: அப்பாவுக்கு 62 வயது. எக்கோவில் பம்பிங் 30% தான். இன்னும் எவ்வளவு காலம் இருப்பார் டாக்டர்?

பம்பிங்கை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இதயத்தில் 30% தான் மிச்சம் என்று நினைத்துப் பயப்படாதீர்கள். நல்ல இதயமே ஒரு துடிப்புக்கு, தன்னிடம் நிரம்பிய ரத்தத்தில் 55 முதல் 70% வரைதான் வெளியே தள்ளும்.

அப்பா எவ்வளவு தூரம் மூச்சு வாங்காமல் நடக்கிறார்? ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), சோடியம் (உப்பு) எவ்வளவு? மேல் பிபி இறங்கிக்கொண்டே போகிறதா? இதற்காக எத்தனை முறை அட்மிட் ஆனார்? இதெல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. இறப்பு அபாயத்தைக் கணிக்க 2013இல் வந்த 'மேஜிக்' (MAGGIC) என்ற மதிப்பெண் முறை 30 ஆய்வுகளின் 39,372 நோயாளிகளை வைத்து 13 விஷயங்களைப் பார்க்கிறது. வயதை நாம் மாற்ற முடியாது. ஆனால் புகைபிடிப்பதும், பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் மாத்திரை) எடுக்காமல் இருப்பதும் அந்த 13இல் உண்டு. அவை மாற்றக்கூடியவை.

வருடத்தைக் கேட்பதற்கு முன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். பம்பிங் குறைந்தவர்களுக்கு ஆயுளைக் கூட்டும் மருந்து நான்கு வகை: சாக்குபிட்ரில்-வல்சார்டன் அல்லது அதன் இடத்தில் ராமிப்ரில் போன்றவை, பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின். கடைசியாகச் சொன்னது சுகர் மாத்திரை ஆயிற்றே என்று நிறுத்திவிடாதீர்கள். சுகர் இல்லாதவருக்கும் பலன் தருகிறது. எது விட்டுப்போயிருக்கிறது, ஏன் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

முத்தியால்பேட்டை: பம்பிங் 60% என்கிறார்கள், ஆனாலும் இதயச் செயலிழப்பாம். ரிப்போர்ட் தப்பா?

தப்பில்லை. சுருங்கும் வேலை சரியாக நடந்தும் இதயம் விரிய மறுக்கலாம். பிபி, சுகர், உடல் எடை மூன்றையும் கவனியுங்கள்.

லாஸ்பேட்டை: மென்பொருள் துறையில் இருக்கிறேன். எட்டு அளவுகளை வைத்து இயந்திரமே துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. அம்மாவுக்கு ஒரு கணிப்பான் 'ஓராண்டில் 20% இறப்பு' என்றது. டாக்டர்கள் ஏன் சொல்லாமல் மறைக்கிறீர்கள்?

நீங்கள் சொல்லும் எட்டு அளவு முறை அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவானது. கீழ் பிபியும் சாதாரண ரத்தப் பரிசோதனை எண்களும் போதும், எக்கோகூட வேண்டாம். நல்ல முயற்சிதான், மதிக்கிறேன். ஆனால் 20% என்றால் என்ன? அம்மாவைப் போன்ற 100 பேரில் 20 பேர் போனார்கள், 80 பேர் இருந்தார்கள். அம்மா எந்தப் பக்கம் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

இன்னொன்று தம்பி. இந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் வெளிநாட்டு நோயாளிகளை வைத்துச் செய்தவை. நம் ஊர்ப் பக்கத்துக் கணக்கு வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தின் இதயச் செயலிழப்பு நோயாளிகள் பதிவேட்டைப் பாருங்கள். 2013இல் மருத்துவமனைகளில் சேர்ந்த 1205 பேர், சராசரி வயது 61. ஐந்து ஆண்டுக்குள் பாதிக்கும் மேல் இறந்துவிட்டார்கள். உரிய மருந்துகளை முறையாகப் பெற்றவர்களிடம் இறப்பு குறைவு. எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் முக்கியம்.

லாஸ்பேட்டை, மறுபடியும்: அப்படியென்றால் கணக்கே வேண்டாமா?

வேண்டும். அதிர்வுக் கருவி (துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்ய உடம்பில் பொருத்தும் ஐசிடி) பொருத்தலாமா, மாற்று இதயத்துக்கு எப்போது அனுப்பலாம் என்று முடிவெடுக்க உதவும். எண் மோசமாக வந்தால் சிகிச்சையைக் கூட்ட வேண்டும், கையைக் கழுவக் கூடாது.

பாகூர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த எண்ணை நோயாளியிடம் சொல்வது பாவம் ஐயா. என் மாமனாரிடம் நாங்கள் மூச்சே விடவில்லை.

ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் உடம்பு, அவர் வாழ்க்கை. எண்ணைச் சொல்லாவிட்டாலும் போகட்டும், 'உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?' என்று அவரையே கேளுங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள். பத்திரம், கடன், கடைசியில் ஐசியுவா வீடா என்பதெல்லாம் அவர் வாயால் வர வேண்டிய முடிவுகள்.

பாகூர்: தெரிந்தால் மனம் உடைந்துவிடுவாரே?

மாமனாருக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். வீட்டில் எல்லோரும் கிசுகிசுப்பதை அவர் பார்க்கவில்லையா? தனியாகப் பயப்படுவதைவிட உங்களோடு பேசிப் பயப்படுவது மேல்.

திருப்பாதிரிப்புலியூர்: பம்பிங் 35%. எத்தனை வருடம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

நெல்லிக்குப்பம்: 25% டாக்டர். எவ்வளவு நாள்?

இதே கேள்விதான். பம்பிங் எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள். மாத்திரைப் பெயர்களையும் அளவையும் எழுதுங்கள், பேசலாம்.

கடலூர் முதுநகர்: வீட்டுக்காரருக்கு இப்போது மூச்சு வாங்குவதில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டார். மூட்டு வலிக்கு மட்டும் மெடிக்கல் கடையில் வாங்கிப் போடுகிறார். கருவாடு சாப்பிடலாமா?

அம்மா, மூச்சு சரியானதே அந்த மாத்திரையால்தான். டாக்டரைப் பார்த்து உடனே மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேட்காமல் போடவே கூடாது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் உப்பு மூட்டை, வேண்டாம்.

அரியாங்குப்பம்: அம்மாவுக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறது, கால் வீக்கம், ராத்திரி உட்கார்ந்தே தூங்குகிறார். இவருக்கு மதிப்பெண் எவ்வளவு வரும்?

மதிப்பெண்ணை விடுங்கள். நீர் கோத்திருக்கிறது. இப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள்.