மகள் ரக்பி ஆடட்டும், சட்டமும் படிக்கட்டும்

"ரக்பி ஆடி என்ன சம்பாதிக்கப் போகிறாள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். லண்டனில் ஏ லெவல் (நம்மூர் பிளஸ் டூ மாதிரி) படிக்கும் மகள். ஞாயிற்றுக்கிழமையானால் முழங்காலெல்லாம் சேறும் சிராய்ப்புமாக வந்து நிற்கிறாள். சட்டம் படி என்றால் இங்கிலாந்து அணிக்கு ஆடப் போகிறேன் என்கிறாள். உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் அவளைத் தடுக்க வேண்டாம் என்றுதான் சொல்லுவேன்.

முதலில் வருமானம். 2014இல் இங்கிலாந்துப் பெண்கள் பாரிஸில் கனடாவை 21-9 என்று வென்று உலகக் கோப்பை வாங்கினார்கள். அணித்தலைவி கேட்டி மெக்லீன் தொடக்கப் பள்ளி ஆசிரியை. சோஃபி ஹெம்மிங் கால்நடை மருத்துவர். கோப்பையை வென்றாலும் சோறு போட்டது வேறு வேலைதான். 2019 ஜனவரியில்தான் இங்கிலாந்து வீராங்கனைகள் 28 பேருக்கு முழுநேர ஒப்பந்தம் கிடைத்தது. 2025 செப்டம்பரில் லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப்போட்டியைப் பார்க்க 81,885 பேர் வந்தார்கள். ஆக, இது இன்று ஒரு தொழில்தான்.

ஆனால் மிகச் சிலருக்கு மட்டும். நாடு முழுவதற்கும் முழுநேர இடங்கள் முப்பதை ஒட்டித்தான். கிளப் அளவில் ஆடும் பலர் இன்றும் வேலை பார்த்துக்கொண்டோ படித்துக்கொண்டோதான் ஆடுகிறார்கள். அந்த 2025 இறுதிப்போட்டியில் எதிரே ஆடிய கனடா அணி, தயாரிப்புச் செலவுக்கே பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியது. இதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதனால்தான் பட்டம் கட்டாயம் வேண்டும் என்கிறேன். 2022 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் நியூசிலாந்துக்குத் தலைமை தாங்கிய ருவாஹே டெமண்ட் சட்டம் படித்தவர். அந்த ஆண்டு உலகின் சிறந்த வீராங்கனையும் அவர்தான். பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்தோடு ரக்பியையும் சேர்த்துப் பாருங்கள். லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் படித்த சாரா ஹன்டர் இங்கிலாந்துக்காக 141 ஆட்டங்கள் ஆடி, 2023இல் ஓய்வு பெற்று, உடனே பயிற்சியாளரானார். ஹார்ட்புரி பல்கலைக்கழகத்தோடு இணைந்த கிளப் 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை இங்கிலாந்துப் பெண்கள் லீக் பட்டம் வென்றது.

கல்யாணம், குழந்தை என்று ஆனால் எல்லாம் போச்சே என்று வருந்தியிருந்தீர்கள். அப்படியில்லை. 2023இல் இங்கிலாந்து ரக்பி நிர்வாகம், ஒப்பந்த வீராங்கனைகளுக்கு 26 வாரம் முழுச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு அறிவித்தது. இங்கிலாந்து வீராங்கனை ஏபி வார்டு பிரசவமாகி 17 வாரத்தில் மறுபடி களத்தில் இறங்கினார்.

அடிபடுவதைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம், முக்கியமாகத் தலையில் படும் அடி. இந்த ஞாயிறு நீங்களே மைதானத்துக்குப் போங்கள். டாக்கிள், அதாவது பந்தோடு ஓடும் எதிராளியைப் பிடித்துக் கீழே சாய்க்கும் பயிற்சி நடக்கும்போது அவள் தலையை மட்டும் கவனியுங்கள். எதிராளியின் இடுப்புக்குப் பக்கவாட்டில், உங்கள் மகளின் கன்னம் அந்த எதிராளியின் உடம்போடு ஒட்டினாற்போல இருக்க வேண்டும். தலை குறுக்கே முன்னால் போனால் எதிராளியின் முழங்கால் நேராக அதில் இடிக்கும். 2023 முதல் இங்கிலாந்தின் உள்ளூர் ஆட்டங்களில் நெஞ்செலும்பின் அடிப்பகுதிக்கு மேலே பிடிக்கவே கூடாது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் குறைந்தது 21 நாள் ஆட்டம் கிடையாது. பிள்ளைகள் இதை மறைப்பார்கள், அடுத்த வாரம் அணியில் இடம் போய்விடுமே என்று. "தலை வலித்தால் என்னிடம் சொல், திட்ட மாட்டேன்" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். பயிற்சியாளரிடமும் ஒன்று கேளுங்கள்: அடிபட்டால் ஆட்டத்தை நிறுத்தி வெளியே அனுப்புவது யார் பொறுப்பு? அதற்குச் சட்டென்று ஒரு பெயர் வராவிட்டால் வேறு கிளப் பார்ப்போம்.

அப்புறம், ஏ லெவலில் என்னென்ன பாடங்கள் எடுத்திருக்கிறாள் என்று எழுதுங்கள். ஜனவரி விண்ணப்பத்துக்கு எந்தெந்தப் பல்கலைக்கழகங்கள் என்று அதை வைத்துப் பேசுவோம். அந்தப் பேச்சில் அவளும் இருக்கட்டும்.