28 டிகிரியை விடுங்கள், 158க்குப் போங்கள்

கேள்வி: உட்லண்ட்ஸில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். (111) என்ற அணுத்தளம் மேல்முகமாக உள்ள சிலிக்கன் துண்டை, தாமிரக் குழாய் பொருத்திய எக்ஸ்-கதிர் டிஃப்ராக்டோமீட்டரில் வைத்து, 28.4 டிகிரி பீக்கிலிருந்து லாட்டிஸ் மாறிலியை (படிகத்தில் அணு அமைப்பு திரும்பத் திரும்ப வரும் தூரத்தை) கணக்கிடுகிறேன். காலையில் 5.429 ஆங்ஸ்ட்ராம். துண்டை எடுத்துவிட்டு மாலையில் மறுபடி ஒட்டி வைத்தால் 5.433. கருவி பழுதா? மேலதிகாரி "பின்கோணத்துக்குப் போய் அள" என்கிறார். அது எதற்கு?

பதில்: கருவியைக் குறை சொல்ல இது போதாது. உங்கள் இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசம், டூ தீட்டாவில் (கதிர் திரும்பும் கோணம், அதில் பாதி தீட்டா) வெறும் 0.02 டிகிரிதான். கோனியோமீட்டரின் (கருவியில் கோணம் அளக்கும் பகுதியின்) ஆரம் 150 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், துண்டின் உயரம் 0.03 மி.மீ. மாறினாலே இந்த அளவு நகர்ந்துவிடும். பிளாஸ்டிசின் களிமண்ணில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துபவர்களுக்கு அது தினசரி நடப்பது.

உங்கள் மேலதிகாரி சொன்னது சரி. பின்கோணம் என்றால் டூ தீட்டா 180 டிகிரியை நெருங்கும் பகுதி. பீக்கின் கோணத்தையும் அணுத்தளங்களின் இடைவெளியையும் இணைப்பது பிராக் விதி; அதில் தள இடைவெளியைத் தீர்மானிப்பது சைன் தீட்டா. தீட்டா 90 டிகிரியை நெருங்க நெருங்க சைன் வளைவு படுத்துவிடும். கோணம் கொஞ்சம் பிசகினாலும் சைன் மதிப்பு அவ்வளவாக அசையாது. கணக்கில் சொன்னால், இடைவெளியின் சார்புப் பிழை என்பது கோணப் பிழை பெருக்கல் காட் தீட்டா. டூ தீட்டாவில் 0.01 டிகிரி தவறு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 28.4 டிகிரியில் அது லாட்டிஸ் மாறிலியை 0.0019 ஆங்ஸ்ட்ராம் கெடுக்கும். அதே தளங்கள் தரும் உயர்வரிசைப் பீக்கான (444) 158.6 டிகிரியில் இருக்கிறது, அங்கே 0.0001கூட வராது. உயரப் பிழையால் பீக் நகர்வதும் காஸ் தீட்டாவுக்கு ஏற்பக் குறைவதால் லாபம் இரட்டிப்பு. 28 டிகிரி பீக்கை மென்பொருளில் எவ்வளவு நுணுக்கமாகப் பொருத்தினாலும் இது கிடைக்காது.

ஆனால் அங்கே போனதும் ஒரு விஷயம் மிரட்டும். ஒரு பீக் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தெரியும்: 158.6இல் ஒன்று, 160.2 பக்கத்தில் அதில் பாதி உயரத்தில் இன்னொன்று. துண்டில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். தாமிரக் குழாய் வெளியிடும், சற்றே வேறுபட்ட இரண்டு அலைநீளங்களான கே-ஆல்பா 1, கே-ஆல்பா 2 இரண்டும்தான் அவை. 28 டிகிரியில் 0.07 டிகிரி இடைவெளியில் ஒட்டிக்கிடந்தவை இங்கே ஒன்றரை டிகிரிக்கு மேல் பிரிந்து நிற்கின்றன. முதல் பீக்கை மட்டும் எடுத்து, 1.5406 ஆங்ஸ்ட்ராம் போட்டுக் கணக்கிடுங்கள். சராசரி அலைநீளத்தைப் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

பின்கோணத்தில் செறிவு குறைவு, அதனால் ஸ்கேனை மெதுவாக ஓட்டுங்கள். அதற்கு முன் ஒமேகா ஸ்கேன் (டிடெக்டரை நிறுத்தித் துண்டை மட்டும் திருப்புவது) செய்து துண்டின் சாய்வைச் சரிசெய்யுங்கள். டிடெக்டர் குழாய்க்குப் பக்கத்தில் போய் நிற்கும் என்பதால், கருவியின் கோண எல்லையையும் பார்த்துவிடுங்கள்.

ஒற்றைப் படிகம் கையில் இருப்பதால் இன்னொரு வழியும் உண்டு. 1960இல் பாண்ட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட முறை அது. படிகத்தைக் கதிருக்கு ஒருபுறம் திருப்பி பீக்கைப் பிடிக்க வேண்டும், அப்புறம் மறுபுறம் திருப்பி அதே பீக்கைப் பிடிக்க வேண்டும். (444)க்கு இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே 21.4 டிகிரி வரும். 180இலிருந்து அதைக் கழித்தால் டூ தீட்டா. பூஜ்ஜியப் பிழை (கருவியின் பூஜ்ஜியக் குறி தள்ளியிருப்பது) தானாகவே அடிபட்டுப்போகிறது. டிடெக்டரை இருபுறமும் நிறுத்த உங்கள் கருவி இடம் கொடுத்தால், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஐந்தாவது தசமம் வேண்டுமென்றால் ஒளிவிலகல் திருத்தமும் (படிகத்துக்குள் கதிர் சற்று வளைவதற்கானது) சேர்க்க வேண்டும்.

இவ்வளவு துல்லியத்துக்கு வந்த பிறகு நம் ஊர் ஏர்கானும் கணக்கில் வரும். வார இறுதியில் அதை அணைத்துவிட்டு, திங்கள் காலை வந்ததும் அளக்காதீர்கள். சிலிக்கன் ஒரு டிகிரி வெப்பத்துக்குப் பத்து லட்சத்தில் 2.6 பங்குதான் விரியும், அதனால் ஓரளவு தாங்கும். அலுமினியம் 23 பங்கு விரியும். அதற்கு ஒரு டிகிரி ஏறினாலே, 158இல் நீங்கள் சம்பாதித்த துல்லியம் போய்விடும். அறை வெப்பநிலையை ஒவ்வொரு அளவீட்டோடும் குறித்துவையுங்கள்.

சில கருவிகள் 140 டிகிரியிலேயே நின்றுவிடும். உங்களுடையதும் அப்படியென்றால், துண்டை 14.4 டிகிரி சாய்த்து (533) என்ற வேறொரு தளத்தின் பீக்கைப் பிடியுங்கள். அது 136.9 டிகிரியில் கிடைக்கும்.