ஜெனோவாவில் ஊராரைப் போல் இருக்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பட்டர்வொர்த் வாசகி): ஜூன் மாதம் கணவரும் நானும் இத்தாலிக்குச் செல்கிறோம். ரோமும் வெனிஸும் ஏற்கெனவே முடிவாகிவிட்டன. அவற்றுக்குப் பிறகு ஒரு கடலோர நகரத்தில் நான்கு நாள் தங்கி, பேருந்திலிருந்து இறங்கிப் படம் எடுத்துவிட்டு மீண்டும் ஏறுவதாக இல்லாமல், அவ்வூர் மக்களைப் போல் இருந்து பார்க்க விரும்புகிறோம். எந்த நகரத்தைச் சொல்வீர்கள்?

பதில்: ஜெனோவாவைச் சொல்வேன். மிலான் மத்திய நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ரயிலில் அங்கே போய்விடலாம். இத்தாலியின் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக இருந்தும், வெளிநாட்டவர் பலர் அங்கே ரயில் மாறி, கிழக்கே உள்ள சிங்க்வே தேரே கிராமங்களுக்குச் சென்றுவிடுகிறார்கள். அதனால் அதன் பழைய நகரத்துக் கடைகளில் பல இன்னும் உள்ளூர்க்காரர்களை நம்பியே நடக்கின்றன. ஊராரைப் போல் இருக்க, முதலில் ஊரார் மிச்சமிருக்கும் ஊராகப் பார்த்துத்தானே போக வேண்டும்?

அடுத்ததாக, அந்நகரத்தின் நேரத்துக்கு உங்களை மாற்றிக்கொள்ளுங்கள்; இதைச் செய்யாதவர்களுக்கு மற்ற எந்த யோசனையும் பயன்படாது. காலையில் விடுதியிலேயே பசியாறாமல் தெருவுக்கு வாருங்கள். பார் என்று பலகை மாட்டிய கடைகள் அங்கே முதன்மையாகக் காப்பிக் கடைகளே. கல்லாவில் பணம் கட்டி, நின்றபடியே குடித்துவிட்டுப் போவது வழக்கம். நாற்காலியில் உட்கார்ந்தால் அதே காப்பிக்கு விலை கூடும். ஜெனோவாக்காரர்கள் ஆலிவ் எண்ணெயும் உப்பும் மின்னும் ஃபொகாச்சா ரொட்டியைப் பால் காப்பியில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் ஒருமுறை தோய்த்தால் தவறாமல் மறுமுறையும் தோய்ப்பீர்கள். பால் காப்பி காலைக்கு உரியது. மதிய உணவுக்குப் பின் அதைக் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் நீங்கள் வெளியூர் என்பது உடனே தெரிந்துவிடும்.

முற்பகலில் துறைமுகத்தை ஒட்டிய சொத்தோரிப்பா வளைவுகளின் கீழ் நடந்து பாருங்கள். ஜோர்ஜ் டவுன் கடைவீடுகளின் அஞ்சடியைப் போல வெயிலும் மழையும் படாமல் கடைகளை ஒட்டி நடக்கும் பாதைதான் அது, இடைக்காலத்தில் கட்டியது. பொரித்த நெத்திலியையும் கணவாயையும் அங்கே காகிதத்தில் மடித்துத் தருவார்கள். அங்கிருந்து மேலே ஏறினால் கரிபால்தி வீதி வரும். வந்துசேரும் அரச விருந்தினரைத் தங்கவைக்க அரண்மனைகள் இல்லாத ஜெனோவா, அப்போது தனிக் குடியரசு, 1576இல் செல்வர்களின் மாளிகைகளைப் பட்டியலிட்டு, அவர்களே விருந்தோம்ப வேண்டும் என்று ஆணையிட்டது. அரசுக்குச் செலவில்லாத ஏற்பாடு! அப்பட்டியலில் இருந்த மாளிகைகளில் 42ஐ யுனெஸ்கோ 2006இல் உலக மரபுடைமையாக அறிவித்தது. சான் லொரென்சோ பேராலயத்துக்குள் 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கப்பற்படை சுட்ட குண்டு ஒன்று விழுந்தும் வெடிக்காமல் கிடந்தது. அதை இன்றும் உள்ளே வைத்திருக்கிறார்கள். ஆலயத்துக்குத் தோளும் முழங்காலும் மறைந்த உடையில் செல்லுங்கள்.

பிற்பகலில் சிறு கடைகள் பல மூடிவிடும். அந்நேரத்தில் நீங்களும் ஓய்வெடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ஊர் மீண்டும் வெளியே வரும். ஒரு பானம் வாங்கினால் ஆலிவ், உருளை வறுவல், சிறு ரொட்டித் துண்டுகள் கூடவே வரும். மது அருந்தாதவர்கள் கினோத்தோ என்னும் கசப்பும் இனிப்பும் கலந்த நாரத்தைவகைப் பானத்தைக் கேட்கலாம். அந்தப் பழம் பக்கத்து ஊரான சவோனாவில் விளைவது. இரவு உணவு ஏழரைக்குப் பிறகுதான். ஆறு மணிக்கே திறந்து, பல மொழிகளில் படம் போட்ட உணவுப் பட்டியலுடன் வாசலில் நின்று அழைக்கும் உணவகத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம் வாசகர்): நாங்கள் சைவம். மகனும் மருமகளும் மீன், கோழி உண்பார்கள், ஆனால் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். இத்தாலியில் பீட்சா தவிர வேறு கிடைக்குமா?

பதில்: ஜெனோவாவில் உங்களுக்குப் பீட்சாவே தேவைப்படாது. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகிய நான்கும் சேர்ந்த மாவைச் சில மணி நேரம் ஊறவைத்து, அகலமான செம்புத் தட்டில் மெல்லியதாக ஊற்றி, விறகடுப்பில் சுட்டெடுப்பதன் பெயர் ஃபரினாத்தா. ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் குழைந்தும் இருக்கும். மிளகுத்தூள் தூவிச் சூடாகச் சாப்பிட வேண்டும். வெங்காயம் சேர்த்ததும் உண்டு, சிறு மீன் சேர்த்ததும் உண்டு என்பதால் எதுவும் சேர்க்காததைக் கேளுங்கள். தட்டு அடுப்பிலிருந்து வரும்வரை வரிசையில் காத்திருப்பது அங்கே வழக்கம். ஆறியதை வாங்கி ஏமாறாதீர்கள்.

அடுத்து பெஸ்தோ. நகரின் மேற்கே உள்ள பிரா பகுதியின் இளம் துளசிவகை இலை, பைன் கொட்டை, பூண்டு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் எல்லாம் கல்லுரலில் அரைபடும். வீடுகளில் இதை உருளைக்கிழங்கும் பச்சை பீன்ஸும் கூட வேகவைத்த பாஸ்தாவோடு கலப்பார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு: அதில் சேரும் பார்மிசான் பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறையவைக்கிறார்கள். கண்டிப்பான சைவர்கள் இதை அறிந்து முடிவு செய்யுங்கள். இத்தாலியச் சைவர்கள் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை, நம்மவர் பலர் பொருட்படுத்துவார்கள். காட்டுக்கீரை வைத்த பன்சோத்தி பாஸ்தாவும் அக்ரூட் விழுதும் நல்ல இணை. அதிலும் பாலாடைக்கட்டி இருக்கும். மகனும் மருமகளும் தோக்கோ என்ற பெயர் போட்ட குழம்பைத் தவிர்க்கட்டும். அது மாட்டிறைச்சியில் நெடுநேரம் கொதிப்பது. உள்ளூர் ரவியோலிக்குள்ளும் பெரும்பாலும் கன்றிறைச்சி இருக்கும்.

ரசீதில் ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ ‘கோபெர்த்தோ’ என்று சேர்ந்திருந்தால் அது மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம். சண்டைக்குப் போக வேண்டாம். அதற்கு மேல் அன்பளிப்பு தர வேண்டிய கட்டாயமும் இல்லை.

கேள்வி (தஞ்சோங் பூங்கா வாசகி): என் அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. பினாங்குக் கொடிமலைக்கு ரயிலில் ஏறினாலே களைத்துவிடுவார். மேடும் பள்ளமுமான ஜெனோவா அவருக்குச் சரிப்படுமா?

பதில்: சரிப்படும், ஆனால் தங்குமிடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நகரமே மலைச்சரிவில் ஏறியிருப்பதால் பேருந்தைப் போலவே பொதுமக்களுக்கான மின்தூக்கிகளும் கயிற்றிழுவை ரயில்களும் அங்கே உள்ளன. காய்கறிப் பையோடு பாட்டிமார்கள் அவற்றில் வீடு திரும்புவதைப் பார்ப்பீர்கள். போர்த்தெல்லோ சதுக்கத்திலிருந்து காஸ்தெல்லெத்தோ மேட்டுக்குச் செல்லும் மின்தூக்கி 1909இல் இருந்து இயங்குகிறது. மேலே இறங்கியதும் சாம்பல் நிறக் கற்பலகைக் கூரைகளும், துறைமுகமும், 77 மீட்டர் உயரமுள்ள பழைய கலங்கரை விளக்கமும் ஒருசேரத் தெரியும். உட்கார இருக்கைகளும் உண்டு. சந்துகளில் உள்ள பழைய வீடுகளை மட்டும் அம்மாவுக்காக எடுக்காதீர்கள்: பலவற்றில் நான்கு மாடிக்கும் படிக்கட்டுதான். பிரிஞ்ஞோலே ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதி சமதரையாக இருக்கும். பிரே வீதியையும் மத்தலேனாவைச் சுற்றிய சந்துகளையும் இருட்டிய பின் தவிர்ப்பது நல்லது.

கேள்வி (பத்து ஃபிரிங்கி வாசகர்): கடலில் குளிக்கலாமா?

பதில்: ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிக்கலாம். மணற்கரையை எதிர்பார்த்துச் செல்லாதீர்கள்; பெரும்பாலும் கூழாங்கல்லும் பாறையும்தான் என்பதால் ரப்பர் காலணி உதவும். குடையும் சாய்வு நாற்காலியும் தரும் இடங்களுக்குக் கட்டணம் உண்டு. இலவசக் கரைகளும் இருக்கின்றன. போக்காதாஸ்ஸே என்ற பழைய மீனவர் குடியிருப்பில் மாலையில் ஊரார் ஐஸ்கிரீமுடன் கற்கள்மேல் அமர்ந்திருப்பார்கள். எனக்குப் பிடித்தது ரயிலில் சற்று தள்ளி இருக்கும் நேர்வி: பாறைகளின் மேல் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளும் கடலோர நடைபாதை அங்கே உண்டு, வேண்டிய இடத்தில் இறங்கி நீந்தலாம். நீச்சலுடையோடு கடைத்தெருவில் நடக்காதீர்கள்.

ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரத்தில் பல குடும்பக் கடைகள் விடுமுறையில் மூடியிருக்கும். அக்டோபர், நவம்பரில் அங்கே கனமழையும் திடீர் வெள்ளமும் வருவதுண்டு. 2011லும் 2014லும் நகரமே பாதிக்கப்பட்டது. ஆகவே மே, ஜூன் அல்லது செப்டம்பரில் பயணச்சீட்டு எடுங்கள். காகிதப் பயணச்சீட்டாக இருந்தால் ரயிலில் ஏறுவதற்கு முன் நடைமேடைப் பொறியில் முத்திரை இடுங்கள். மறந்தால் பரிசோதகர் அபராதம் விதிப்பார்.